கணக்கு எங்கே உதைக்கிறது? மெடிக்கல் ஷாப் பில்லிங் கோளாறுகளை அறிகுறி பார்த்துப் பிடிப்பது

கவுண்ட்டரில் பில் போடுகிறவர்களுக்கும், இரவு கல்லா எண்ணுகிறவர்களுக்கும், மாதம் பிறந்தால் ஆடிட்டருக்குக் கணக்கு அனுப்புகிறவர்களுக்கும் இது. உங்கள் கடையில் எந்த சாஃப்ட்வேர் ஓடினாலும் பரவாயில்லை. மெனுவின் பெயர் மாறும், கோளாறு மாறாது.

விற்பனை பில்லில் தெரிகிற தப்பு பெரும்பாலும் விற்பனையின்போது நடந்ததல்ல. சரக்கு வந்த அன்று பர்ச்சேஸ் என்ட்ரியில் விழுந்தது. மருந்து சப்ளை செய்யும் ஏஜென்சியின் பையன் சாயங்காலம் கூட்ட நேரத்தில்தான் பெட்டியை இறக்குவான். ஒரு கையில் சீட்டு, மறு கையில் கீபோர்டு என்று அவசரமாகத் தட்டுவோம். அது இருபது நாள் கழித்து வேறு முகத்தோடு வந்து நிற்கும். அதனால் கல்லா, யுபிஐ, இன்சூரன்ஸ், ஹெச்1 பதிவேடு (டாக்டர் சீட்டோடு மட்டும் விற்க வேண்டிய சில மருந்துகளுக்கான தனிப் பதிவேடு) ஆகியவற்றைத் தவிர்த்து, கீழே உள்ள எந்த அறிகுறிக்கும் முதலில் எடுக்க வேண்டியது பர்ச்சேஸ் பில் ஃபைலைத்தான்.

இரவு எண்ணினால் கல்லாவில் பணம் குறைகிறது

வித்தியாசத் தொகையை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வையுங்கள். பில்களைப் புரட்டும் முன் அந்த எண்ணையே கொஞ்சம் பாருங்கள். பாதி விஷயத்தை அதுவே சொல்லிவிடும்.

கல்லாவில் 340 ரூபாய் குறைவு, யுபிஐ-யில் அதே 340 கூடுதல் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. கேஷ் என்று போட்ட பில்லுக்கு வாடிக்கையாளர் கடைசி நொடியில் ஃபோனை நீட்டியிருக்கிறார். பில்லில் பேமென்ட் வகையை மாற்றினால் தீர்ந்தது. இரண்டு மூன்று பில் சேர்ந்தும் 340 ஆகியிருக்கலாம். ஆகவே யுபிஐ பட்டியலில் உள்ள ஒவ்வொரு தொகைக்கும் பில் இருக்கிறதா என்று மேலிருந்து டிக் அடித்துக்கொண்டே வாருங்கள்.

வித்தியாசம் 9-ஆல் மீதியில்லாமல் வகுபடுகிறதா? 54-ஐ 45 என்றோ 630-ஐ 360 என்றோ இடம் மாற்றி எழுதினால் வித்தியாசம் எப்போதும் 9-இன் மடங்காகத்தான் வரும். இதைக் கையால் எழுதுகிற இடங்களில் தேடுங்கள்: செலவுச் சீட்டு, கடன் நோட்டு, ஏஜென்சிக்குக் கொடுத்த ரொக்கம்.

அதுவும் இல்லையென்றால் தொகையைப் பாதியாக்கிப் பாருங்கள். 120 ரூபாய் மருந்தைத் திருப்பி வாங்கிப் பணம் கொடுத்துவிட்டு, கம்ப்யூட்டரில் ரிட்டன் என்பதற்குப் பதிலாக சேல்ஸ் என்று போட்டிருந்தால் கல்லா 240 குறையும். ரிட்டனைப் பதியாமலே விட்டிருந்தால் 120 மட்டும் குறையும், ஆனால் ரேக்கில் அந்த மருந்து கணக்கைவிடக் கூடுதலாக இருக்கும்.

இந்த மூன்றும் இல்லாமல் தினமும் 50, 100, 200 என்று முழு நோட்டாகவே குறைந்தால், அது கணக்குக் கோளாறு அல்ல. முதலாளியிடம் சொல்ல வேண்டிய விஷயம்.

பணம் போய்விட்டது என்கிறார், நமக்கு வரவில்லை

சவுண்ட் பாக்ஸ் பேசாததும் சாட்சி இல்லை, அவர் காட்டுகிற ஸ்கிரீன்ஷாட்டும் சாட்சி இல்லை. கடை ஆப்பின் பரிவர்த்தனைப் பட்டியலைத் திறந்து, அவருடைய ஃபோனில் தெரியும் 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணைத் தேடுங்கள். இருந்தால் சரி. இல்லையென்றால், அவர் உண்மையிலேயே செலுத்தியிருந்தால், பணம் பெரும்பாலும் வங்கிகளுக்கு இடையில் நிற்கிறது. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி, கடைக்குச் செலுத்திய யுபிஐ பணம் கடைக்கு உறுதியாகாவிட்டால் பரிவர்த்தனை நாளிலிருந்து 5 நாளுக்குள் தானாகவே வாடிக்கையாளர் கணக்குக்குத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் அவருக்கு இழப்பீடு உண்டு. இதைப் பொறுமையாகச் சொன்னால் பாதிச் சண்டை அங்கேயே அடங்கிவிடும். கல்லாவிலிருந்து ரொக்கம் எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். பிறகு அவருக்கு இரண்டு முறை பணம் போகும்.

கம்ப்யூட்டரில் ஓர் எண், ரேக்கில் ஓர் எண்

கடையில் அதிகம் சந்தேகத்தைக் கிளப்புகிற கோளாறு இதுதான். ஸ்டாக் குறைந்தால் உடனே பையன்களின் முகத்தைப் பார்ப்பார்கள். அதற்கு முன் பேக் அளவைப் பாருங்கள்.

டோலோ 650 அட்டையில் 15 மாத்திரை. எகோஸ்ப்ரின் 75 அட்டையில் 14. ஆனால் புதிதாக ஒரு பொருளைச் சேர்க்கும்போது விரல் தானாக 10 என்றுதான் அடிக்கும். அதன் விளைவைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். 15 மாத்திரை கொண்ட அட்டை, எம்.ஆர்.பி. 30 ரூபாய், வந்தது 20 அட்டை. உண்மையில் இருப்பது 300 மாத்திரை, ஒன்று 2 ரூபாய். பேக் 10 என்று பதிந்தால் கம்ப்யூட்டருக்குத் தெரிவது 200 மாத்திரை, ஒன்று 3 ரூபாய். உதிரியாக 5 கேட்டவரிடம் 10 ரூபாய்க்குப் பதில் 15 வாங்கியிருப்பீர்கள். முழு அட்டையை 15 என்று அடித்துக் கொடுத்தால் 45 ரூபாய், அதாவது எம்.ஆர்.பி.க்கு மேல். அது சட்டப்படியே தப்பு. 200 விற்றதும் கம்ப்யூட்டர் ஸ்டாக் இல்லை என்னும், ரேக்கில் இன்னும் 100 இருக்கும். அப்போது ஒருவர் அவசரத்துக்கு வேறு பிராண்ட் பெயரில் பில் போட்டு அந்த மாத்திரையைக் கொடுப்பார். இப்போது இரண்டு பொருளின் ஸ்டாக்கும் கெட்டாயிற்று.

திருப்பிப் போட்டால், 10 மாத்திரை அட்டையை 15 என்று பதிந்தால், கம்ப்யூட்டரில் நிறைய இருக்கும், ரேக்கில் இருக்காது. திருட்டு மாதிரியே தெரியும். சோதனை சுலபம்: கடைசியாகச் சரக்கு வந்ததிலிருந்து மொத்தம் எத்தனை அட்டை வந்தது, கையில் எத்தனை இருக்கிறது, மீதி எத்தனை விற்றிருக்க வேண்டும் என்று அட்டைக் கணக்காகப் போடுங்கள். அட்டைக் கணக்கு இசைந்து மாத்திரைக் கணக்கு மட்டும் உதைத்தால் குற்றவாளி பேக் அளவுதான். மாஸ்டரில் (பொருள் விவரப் பதிவில்) அதை மாற்றும் முன் இருக்கிற ஸ்டாக்கை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். சில சாஃப்ட்வேரில் பேக்கை மாற்றினால் பழைய பில்களும் சேர்ந்து ஆடும். புதிய பொருளாகச் சேர்த்து, பழையதை முடக்குவதே பாதுகாப்பு.

வித்தியாசம் 10-இன் அட்டையில் சரியாக 9 மாத்திரை, அல்லது 15-இன் அட்டையில் 14 மாத்திரை என்றால் கதை வேறு. ஒரு மாத்திரை கொடுத்துவிட்டு ‘1’ என்பதை அட்டைக் கட்டத்தில் அடித்திருக்கிறார்கள், அல்லது ஒரு அட்டை கொடுத்துவிட்டு உதிரிக் கட்டத்தில் அடித்திருக்கிறார்கள். அந்தப் பொருளின் ஒரு வார பில்லை மட்டும் எடுத்துப் பாருங்கள், கண்ணில் படும்.

மொத்தம் சரியாக இருந்து, ஒரு பேட்ச் (ஒரே தடவையில் தயாரான சரக்கு) மைனஸில், இன்னொரு பேட்ச் கூடுதலில் நின்றால் அவசரமில்லை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். பில்லில் ஒரு பேட்ச், கையில் கொடுத்தது வேறு பேட்ச் என்பதுதான் காரணம். எக்ஸ்பைரி பட்டியல் பேட்சை வைத்துத்தான் வருகிறது. கணக்கில் விற்றுப்போன பழைய பேட்ச் ரேக்கின் பின்னால் உட்கார்ந்திருந்தால், அது காலாவதியாகும் மாதம் எந்தப் பட்டியலும் உங்களை எச்சரிக்காது. ஒரு பேட்சைத் திரும்பப் பெறச் சொல்லி கம்பெனி சுற்றறிக்கை அனுப்பினாலும் அது அகப்படாது.

நல்ல மருந்தை எக்ஸ்பைரி என்று பில் தடுக்கிறது

அட்டையில் 03/26 என்று இருந்தால் 2026 மார்ச் கடைசி நாள் வரை அது நல்ல மருந்து. என்ட்ரியில் 01/03/26 என்று முழுத் தேதியாக அடித்திருந்தால் மாதம் முழுக்க பில் தடுக்கும். 31/03/26 என்று மாற்றினால் போதும். ஆனால் ஒரு மாதக் கோர்ஸுக்கு வாங்குகிறவருக்கு மார்ச் 20-இல் அந்த அட்டையைக் கொடுப்பது நியாயமில்லை. பில் அனுமதித்தாலும் நீங்கள் அனுமதிக்காதீர்கள்.

அட்டையில் ஒரு விலை, பில்லில் ஒரு விலை

2025 செப்டம்பர் 22-க்குப் பிறகு இந்தக் கேள்வி கவுண்ட்டரில் ஓயவே இல்லை. அன்று முதல் பெரும்பாலான மருந்துகளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது. உயிர்காக்கும் மருந்துகள் 33-க்கு 12-லிருந்து பூஜ்ஜியம். சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப் 12-லிருந்து 5, தெர்மாமீட்டர் 18-லிருந்து 5. கம்பெனிகள் எம்.ஆர்.பி.யைக் குறைக்க வேண்டும், ஆனால் ஏற்கெனவே சந்தைக்கு வந்துவிட்ட சரக்கைத் திரும்ப வாங்கி ஸ்டிக்கர் ஒட்டுவது கட்டாயமில்லை, திருத்திய விலைப்பட்டியல் கடைக்கு வந்து கடை அந்த விலைக்கு விற்றால் போதும் என்று தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் சொல்லிவிட்டது. 2 ஆண்டு ஆயுள் உள்ள மருந்தில் 2025 ஆகஸ்ட்டில் தயாரித்த பேட்ச் 2027 வரை ரேக்கில் இருக்கலாம். அதுவரை அச்சிட்ட விலையும் பில் விலையும் வேறாக இருப்பது இயல்பு.

பில் விலை அச்சு விலையைவிடக் குறைவு என்றால் பெரும்பாலும் சரிதான். சரிபார்க்க ஒரு பெருக்கல்: பழைய எம்.ஆர்.பி. 12 சதவீதம் சேர்ந்தது, இப்போது 5 என்றால் 0.9375-ஆல் பெருக்குங்கள். 112 ரூபாய் 105 ஆகும். இறுதி விலை கம்பெனியின் திருத்திய பட்டியலில் உள்ளதுதான். பெருக்கல், பட்டியலைச் சரியாக ஏற்றினோமா என்று பார்க்க மட்டும்.

பழைய பேட்சுக்குப் பில் விலையும் அச்சு விலையும் ஒன்றாகவே வந்தால்தான் கோளாறு. மாஸ்டரில் வரி விகிதத்தை மட்டும் மாற்றி, பேட்சின் எம்.ஆர்.பி.யை மாற்றாமல் விட்டிருக்கிறார்கள். 112 ரூபாயே வாங்கி அதில் 5 சதவீதம் வரி கழிகிறது. வாடிக்கையாளருக்குப் போக வேண்டிய 7 ரூபாய் கடையில் தங்குகிறது. கணக்கில் லாபம் கூடியதுபோல் அழகாகத் தெரியும், ஆய்வுக்கு வந்தால் பதில் இருக்காது. வரி மாறிய எல்லாப் பொருளையும் ஒரே பட்டியலாக எடுத்து, பழைய பேட்சுகளின் விலையை ஒரே மூச்சில் திருத்திவிடுவது நல்லது. தினம் பத்து என்று செய்தால் முடியவே முடியாது.

கிரீம், லோஷன் வகைகளில் வரி குழம்பினால் பெயரை வைத்து யூகிக்காதீர்கள். ஹெச்எஸ்என் என்கிற பொருள் வகை எண்ணில், மருந்தாக உரிமம் பெற்ற கிரீம் 3004-இல் வரும், சன்ஸ்கிரீன் போன்றவை 3304-இல் 18 சதவீதத்தில் நிற்கும். ஏஜென்சி பில்லில் உள்ள ஹெச்எஸ்என் எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள்.

பில் விலை அச்சு விலையைவிட அதிகம் என்றால் பில்லை நிறுத்துங்கள். ஒன்று பேக் அளவு, இல்லையென்றால் தப்பான பேட்ச்.

வியாபாரம் ஓடுகிறது, கையில் ஒன்றும் நிற்கவில்லை

பக்கத்துத் தெருவில் 15 சதவீதத் தள்ளுபடி போர்டு வைத்ததும் நம்மவரும் வைத்துவிடுவார். எல்லா மருந்துக்கும் ஒரே மார்ஜின் இல்லை என்பது அப்போது யாருக்கும் நினைவு வராது. விலைக் கட்டுப்பாட்டில் உள்ள மருந்துக்கு, 2013 மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, உச்ச விலையில் சில்லறைக் கடைக்கு வைத்திருப்பது 16 சதவீதம். கடைக்கு 100 ரூபாய் விலை என்றால் 116, அதன்மேல் 5 சதவீத வரி சேர்த்து எம்.ஆர்.பி. 121.80. இதில் 10 சதவீதம் தள்ளினால் கைக்கு வருவது 109.62. வரி போக 104.40. 16 ரூபாய் லாபத்தில் மிச்சம் 4.40. அதிலிருந்துதான் வாடகை, கரண்ட், சம்பளம். 15 சதவீதம் தள்ளினால் ஒவ்வொரு 100 ரூபாய்ச் சரக்குக்கும் 1.40 நஷ்டம். கூட்டம் கூடக்கூட நஷ்டமும் கூடும்.

தள்ளுபடியைப் பில்லின் அடியில் மொத்தமாகப் போடாமல், பொருள் வாரியாகப் போடும்படி செட்டிங் மாற்றுங்கள். கட்டுப்பாட்டு மருந்துக்கு ஒரு வரம்பு, மற்றவற்றுக்கு ஒரு வரம்பு.

தள்ளுபடியே இல்லாமல் மார்ஜின் அறிக்கை விசித்திரமாக வந்தால் ஃப்ரீ சரக்கைப் பாருங்கள். 10+1 ஆஃபரில் வந்த அந்த ஒன்றை ஃப்ரீ கட்டத்தில் போட வேண்டும். தனி வரியாகப் பூஜ்ஜிய விலையில் போட்டால், அது விற்கும் அன்று மட்டும் லாபம் வானத்துக்குப் போகும், மற்ற நாளில் இறங்கும். போடவே இல்லையென்றால் ரேக்கில் ஒன்று கூடுதலாக நிற்கும். பில் இல்லாமல் வெளியே போக அதுதான் சுலபமான வழி.

வாங்கின பில் 2பி-யில் இல்லை

நமக்குச் சரக்கு தந்தவர்கள் தாக்கல் செய்த பில்களின் பட்டியலான ஜிஎஸ்டிஆர்-2பி ஒவ்வொரு மாதமும் 14-ஆம் தேதி வரும். அதில் இல்லாத பில்லுக்கு வரிக் கழிவு (வாங்கும்போது கட்டிய வரியை நாம் கட்ட வேண்டிய வரியில் கழிப்பது) எடுக்க முடியாது. முதலில் பில்லில் உங்கள் 15 இலக்க ஜிஎஸ்டி எண்ணைப் பாருங்கள். தமிழ்நாட்டுக் கடை என்றால் 33-இல் தொடங்கும். ஓர் எழுத்து மாறியிருந்தாலோ, எண்ணே இல்லாமல் இருந்தாலோ ஏஜென்சி உங்களைப் பதிவில்லாத வாடிக்கையாளராகக் காட்டியிருக்கும். அவர்கள் அடுத்த தாக்கலில் திருத்தித் தர வேண்டும்.

எண் சரியாக இருந்தால், அவர்கள் தாமதமாகத் தாக்கல் செய்திருப்பார்கள். அடுத்த மாத 2பி-யில் வரும். ஒரு மாதம் பொறுக்கலாம், மூன்று மாதம் பொறுக்கக் கூடாது. ஒரு நிதியாண்டின் கழிவை எடுக்க, அந்த ஆண்டு முடிந்தபின் வரும் நவம்பர் 30-தான் கடைசி, ஆண்டுக் கணக்கை அதற்கு முன்பே தாக்கல் செய்தால் அந்த நாள். அடுத்த பேமென்ட்டில் வரித் தொகையை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டு, ‘2பி-யில் வந்ததும் தருகிறேன்’ என்று சொல்லிப் பாருங்கள், தாக்கல் தானாக நடக்கும்.

எக்ஸ்பைரி ரிட்டனுக்கு வந்த கிரெடிட் குறைவு

நீங்கள் எம்.ஆர்.பி.யில் கணக்குப் போட்டிருப்பீர்கள், ஏஜென்சிக்காரர்கள் கடைக்குத் தந்த விலையில் போட்டிருப்பார்கள். அதுவே பெரும்பாலான வித்தியாசம். அடுத்தது வெட்டிய அட்டைகள்: பல கம்பெனிகள் ஏற்பதில்லை. மூன்றாவது, அந்த ஏஜென்சியிடம் வாங்காத பேட்சை அவர்களுக்கே அனுப்பியது. இங்கேதான் பேட்ச் குழப்பம் பணமாக வெட்டும். 12 சதவீதத்தில் வாங்கியதற்குக் கிரெடிட் நோட்டும் அந்த 12-இலேயே வந்திருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியை ஒப்படைக்கும்போது பேட்சும் எண்ணிக்கையும் எழுதிய சீட்டில் கையெழுத்து வாங்காமல் அனுப்பாதீர்கள். ‘அப்புறம் போட்டுத் தர்றேண்ணே’ என்ற வார்த்தைக்குக் கணக்கில் எந்தக் கட்டமும் இல்லை.

இன்சூரன்ஸில் பில்லைத் திருப்பிவிட்டார்கள்

வாடிக்கையாளர் கோபமாக வருவார், பெரும்பாலும் காரணம் சின்னது. பில்லில் பெயர் ‘கேஷ்’ என்றோ வீட்டுக்கு அழைக்கிற பெயராகவோ இருக்கும். டாக்டர் பெயர் இருக்காது. பில் எண்ணோ உரிம எண்ணோ இல்லாத எஸ்டிமேட் சீட்டாக இருக்கும். சோப்பும் டயப்பரும் அதே பில்லில் இருக்கும். நீண்ட சிகிச்சைக்கு வாங்குகிறவர் என்று தெரிந்தால் முதல் நாளே பாலிசியில் உள்ள பெயரைக் கேட்டு வாங்கி, மருந்தை ஒரு பில், மற்றதை ஒரு பில் என்று பிரித்துவிடுங்கள்.

பெயரைத் திருத்தி அதே எண்ணில் மறுபடி அச்சடித்துத் தரலாம், மருந்துச் சீட்டின் நகலை வைத்துக்கொண்டு. தேதியையும் தொகையையும் தொடக் கூடாது. ‘போன மாசத் தேதியில ஒண்ணு போட்டுக் குடுங்க தம்பி’ என்று எவ்வளவு தெரிந்தவர் கேட்டாலும் முடியாது என்று சொல்லிவிடுங்கள். வரித் தாக்கலில் இல்லாத பில்லுக்குப் பொறுப்பு கடை மேல்தான்.

தெர்மல் பேப்பர் பில்லை பத்திரப்படுத்துவதாக நினைத்துச் சிலர் லேமினேட் செய்துவிடுகிறார்கள். அந்தச் சூட்டில் பேப்பர் முழுக்கக் கறுத்துவிடும். அன்றே ஜெராக்ஸ் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

ஹெச்1 பதிவேடு பில்லோடு ஒத்துவரவில்லை

அல்பிரசோலம், டிராமடால், செஃபிக்சைம், லீவோஃபிளாக்சசின் போன்றவை 2014 மார்ச் முதல் ஹெச்1 மருந்துப் பட்டியலில் உள்ளன. மருத்துவர் பெயரும் முகவரியும், நோயாளி பெயர், மருந்து, அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

பதிவேட்டில் குறைவு, பில்லில் அதிகம் என்றால் பொருள் மாஸ்டரில் ஹெச்1 என்ற குறி விழவில்லை. புதிய பிராண்ட் சேர்க்கும்போது அந்தக் கட்டத்தைத் தாண்டிப் போயிருப்பார்கள். குறி இல்லாத பொருளுக்கு சாஃப்ட்வேர் டாக்டர் பெயரைக் கேட்காது, பதிவேட்டிலும் ஏற்றாது. மூலப்பொருள் பெயரை வைத்துத் தேடி எல்லா பிராண்டையும் ஒரே தடவையில் சரிபாருங்கள். இரண்டு மருந்து கலந்த கூட்டு மாத்திரைகள்தான் அதிகம் தப்பும்.

எண்ணிக்கை சரியாக இருந்து, ஒரே டாக்டர் பெயர் பக்கம் பக்கமாக வந்தால் அது இன்னும் மோசம். கட்டத்தை நிரப்பாமல் பில் நகராது என்பதால் பட்டியலில் முதலில் வருகிற பெயரை என்டர் தட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள். பல் டாக்டர் பெயரில் வாரத்துக்கு இருபது தூக்க மாத்திரைச் சீட்டு நின்றால் டிரக் இன்ஸ்பெக்டருக்கு வேறெதையும் பார்க்க வேண்டியதில்லை. டாக்டர் கட்டத்தில் தானாக விழும் பெயரை நீக்கிக் காலியாக விடச் சொல்லுங்கள். சாஃப்ட்வேர்காரர் ஐந்து நிமிடத்தில் செய்து கொடுப்பார். சீட்டு இல்லாமல் வருகிறவருக்கு எந்தப் பெயரும் போட வேண்டியிருக்காது, ஏனென்றால் மருந்தே கொடுக்கக் கூடாது.